பென் டிரைவும் கங்காணியின் தலைப்பாகையும்: ஊவா மலைநாட்டில் இரண்டாம் இயங்குதளம் போடும் நெறி பற்றிய ஓர் ஆய்வு

விண்டோஸ் இருக்கும் லெப்டொப்பிலேயே உபுண்டுவையோ மின்ட்டையோ பக்கத்தில் குடிவைப்பது எப்படி என்னும் கேள்வி, விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்ததோடு தனி ஆய்வுக்குரிய தகுதியைப் பெற்றுவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு இல்லை என்பதற்காகப் பசறைப் பக்கத்து லயத்தில் யாரும் பழைய லெப்டொப்பைத் தூக்கி எறியப் போவதில்லை. ஆபத்தெல்லாம் வட்டைப் பிரிக்கும் நேரத்தில்தான் என்பது பொதுக் கொள்கை. அதை இக்கட்டுரை மறுக்கிறது. பென் டிரைவைத் தயாரிக்கும்போதே அந்த ஆபத்து கருக்கொண்டுவிடுகிறது.

முதற்சான்று இழுப்புக் கட்சியினர். ஐ.எஸ்.ஓ. கோப்பை அப்படியே பென் டிரைவுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, லெப்டொப் ஏன் அதிலிருந்து எழும்பவில்லை என்று கேட்பவர்கள் இவர்கள். பாவம், இவர்களால் யாருக்கும் நட்டமில்லை. ரூஃபஸ் என்னும் மென்பொருள் கொண்டு முறையாக எழுதுபவர்தான் ஆபத்தானவர்; அது பென் டிரைவில் இருந்த அனைத்தையும் துடைத்துவிட்டே எழுதும். வீட்டில் இருப்பதோ ஒரே பென் டிரைவ். கல்யாணப் படங்கள், உயர்தர வினாத்தாள்கள், அப்பாவின் ஈ.பி.எஃப். கடித ஸ்கேன் எல்லாவற்றையும் பத்திரமாக அதில் பிரதியெடுத்துவிட்டு, அதிலேயே ஐ.எஸ்.ஓ.வையும் எழுதுவார். பிறகு வட்டைப் பிரிக்கையில் கை தவறினால் மீட்க ஒன்றுமிராது. கை தவறியது அங்கே. காப்பு போனது இங்கே. ரூஃபஸ் எச்சரிக்கிறதே என்பார்கள். எச்சரிக்கிறது, ஆனால் நள்ளிரவு டேட்டாவில் விழித்திருந்து இறக்கியவர் அந்நேரத்தில் எதையும் படிப்பதில்லை. இறக்கிய கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் ஷா256 தொகை 64 எழுத்து. முன் நான்கும் பின் நான்கும் ஒப்பிடுவதே உலக வழக்கு. மழையில் அறுந்த இணைப்புக்கு அது போதும், ஏனென்றால் ஒரு துளி பிசகினாலும் தொகை முழுவதும் மாறிவிடும். வேண்டுமென்றே திருத்திய கோப்புக்குத்தான் அது போதாது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே இயங்குதளத்தைப் போட்டால் இந்தத் தொல்லை ஏது என்பது அடுத்த ஆட்சேபம். இதற்கு விடை தெமோதரையில் இருக்கிறது. 1924இல் பதுளையை எட்டிய ரயில்பாதை அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, புகையிரத நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கமாகப் போகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துப் பொறியியலாளருக்கு வந்த யோசனை அது என்பது ஊர்க்கதை. அறிஞர்கள் கவனிக்கத் தவறியது, கங்காணி முழுவதையும் அவிழ்த்துக் கட்டினார் என்பதை. அது அழித்துப் போடும் முறை. பொறியியலாளரோ மேலே நிலையத்தை வைத்துக்கொண்டே கீழே பாதை போட்டார். கதைக்குச் சான்றில்லை என்றால் இருக்கட்டும், சுரங்கத்துக்கு உண்டு.

ஆகவே பழையதை வைத்துக்கொண்டே புதியதைப் போட, காப்புக்கென்று தேவை இரண்டாவது பென் டிரைவ். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கரின் மீட்புச் சாவியிலுள்ள 48 இலக்கங்களைத் தாளில் எழுதி வைப்பதும், விண்டோஸின் விரைவுத் தொடக்கத்தை நிறுத்திவிட்டு அதற்குள்ளிருந்தே வட்டைச் சுருக்குவதும் அதன் பின்னர்தான். இரவல் பென் டிரைவாயின் இன்னொரு வழக்கும் எழும்: சில முறைகளில் எழுதிய பென் டிரைவை விண்டோஸ் சரியாகப் படிக்காது, கொள்ளளவையும் குறைத்துக் காட்டும். கொடுத்தவர் பழுதாக்கிவிட்டாய் என்பார். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் கிளீன் கட்டளை கொடுத்துப் புதிதாகப் பிரித்தால் பழையபடி வந்துவிடும். வட்டின் எண்ணைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். டிஸ்க் 0 பெரும்பாலும் லெப்டொப்பின் சொந்த வட்டு.