வேர் யாருடையது, பழம் யாருடையது?

கேள்வி: வெள்ளவத்தைத் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில், மேல்மாடிக்காரரின் கைக்கு எட்டாத குட்டைத் தோடை வளர்க்க இயலுமா?

பதில்: மேல்மாடிக்காரரின் கையைக் குட்டையாக்கும் வழி தோட்டக்கலையில் இல்லை. மரத்தைக் குட்டையாக்குவது ஒட்டுக்கட்டை, அதாவது வேராகவும் அடித்தண்டாகவும் நின்று வேறொரு மரத்தின் அரும்பைத் தாங்கும் கன்று. அவற்றுள் பெயர்பெற்றது யப்பானிலிருந்து பரவிய ‘பிளையிங் டிராகன்’ என்னும் முவ்விலைத் தோடை வகை. வளைந்த முள்ளும் நெளிந்த தண்டும் கொண்ட இக்கட்டையில் ஒட்டிய மரம், நிலத்தில் நட்டாலும் ஆளுயரத்தைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். எனினும் குளிர்காலத்தில் இலையுதிர்த்துப் பழகிய அவ்வினம் உவர்ப்பைத் தாங்காது. காலி வீதிக்குக் கடற்பக்கமாக, யன்னற் கம்பியையே துருப்பிடிக்க வைக்கும் காற்றில் நிற்கப்போகும் சாடிக்கு, உவர்ப்பைப் பொறுக்கும் கிளியோபாட்ரா மண்டரினோ ரங்பூர் தேசியோ ஏற்றது. இவை மரத்தைக் குட்டையாக்குவதில்லை என்பது மெய்யே. ஆனால் வேருக்கு இடம் குறைந்தால் கிளையும் குறையும் என்பதால், அந்த வேலையைச் சாடியும் கத்தரியும் பார்த்துக்கொள்ளும். கொழும்பில் கட்டையைத் தேர்பவர் உயரத்தை விட்டு உப்பை எண்ணுவதே தகும்.

கேள்வி: கொட்டாஞ்சேனை முற்றத்தில், விதையிலிருந்து முளைத்த தேசி முள்ளை மட்டுமே தருகிறது. இது என்ன நோய்?

பதில்: இளமை. தேசி விதை பெரும்பாலும் தாய்மரத்தையே அச்சாக ஈன்றுவிடுவதால் வகையில் குறையில்லை. பூக்கும் பருவம் வரச் சில ஆண்டுகள் செல்லும், அவ்வளவே. காய்த்த மரத்தின் அரும்போ முதிர்ச்சியைத் தன்னோடு கொண்டுவரும். பென்சில் தடிப்புள்ள ஒட்டுக்கட்டையின் பட்டையை ஆங்கில ‘ரீ’ வடிவில் கீறி, இலைக்காம்பு சற்று விடப்பட்ட அரும்பை உள்ளே செருகி, பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள வளரும் படையாகிய மாறிழையங்கள் ஒன்றையொன்று தொடும்படி பொலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றுவது அரும்பொட்டு எனப்படும். இரண்டு மூன்று வாரங்களின் பின் அவிழ்க்கும்போது, அக்காம்பு விரல் பட்டதும் உதிர்ந்தால் ஒட்டுப் பிடித்தது. சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தால் மீண்டும் கீற வேண்டும்.

கேள்வி: உண்ணப்போவது பழத்தை, வேர் எதுவானால் என்ன?

பதில்: பிரேசிலிலும் ஆர்ஜென்ரீனாவிலும் தோட்டக்காரர் வேரைப் பற்றி எண்ணாமல் இருக்கவில்லை, அடியழுகலைத் தாங்குமென்றே புளித்தோடைக் கட்டையைத் தேர்ந்தனர். 1930களில் அசுவினி பரப்பிய திரிஸ்தேசா வைரசு, ஒட்டுக்குக் கீழே உணவைக் கடத்தும் இழையமாகிய உரியத்தைச் சிதைத்து வேர்களைப் பட்டினி போட, அக்கட்டையில் நின்ற மரங்கள் இலட்சக்கணக்கில் பட்டுப்போயின. அதே வைரசைச் சுமந்தபடியே ரங்பூர் தேசிக் கட்டையில் தோடைகள் காய்த்தன.

கேள்வி: ஒட்டுத்தோடையில் இப்போது நீண்ட முள்ளும் புளித்த காயும் வருகின்றன. விற்றவர் ஏமாற்றினாரா?

பதில்: அவசரப்பட்டுப் பழிசொல்லல் ஆகாது. ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பிய துளிரைக் கவனியாமல் விட்டால், கீழ்வீட்டு உரிமையாளர் வாடகைக்காரரை மெல்லக் கிளப்பிவிட்டு மேல்மாடியிலும் குடியேறுவதுபோல, ஒட்டுக்கட்டையே மரமாகிவிடும். அத்துளிரை இளமையிலேயே விரலால் கிள்ளி அகற்ற வேண்டும். தோடைக்கிளை ஒன்றும் மிஞ்சவில்லையெனில், அதே கட்டையில் புதிய அரும்பை ஏற்றலாம். அதுவரை அந்தக் காய்களை ஊறுகாய் போடுவதற்குத் தடையில்லை.