ஏசிக்குள்ள ஏழு குஞ்சு

வாடா பேராண்டி. தேக்காவுக்குப் போறேன்னு போனவன் ஒரு கட்டு முருங்கைக்கீரையாவது வாங்கியாருவேன்னு பாத்தா, கையில டப்பா. என்னது, இன்னொரு தெர்மாமீட்டரா? ஏழு குஞ்சுக்கு மூணு தெர்மாமீட்டர்! உங்கப்பனுக்கு ஜுரம் வந்தப்ப உங்க பாட்டி புறங்கையைத்தான்டா வச்சுப் பாத்தா.

கோவிச்சுக்காத. பன்னெண்டு முட்டைய மெஷின்ல 21 நாள் வச்சு ஏழைப் பொரிக்க வச்சே பாரு, அது கெட்டிக்காரத்தனம். அதுக்கப்புறம் பண்ணுனதுதான் கூத்து. ஹால்ல ஏசி 23ல ஓடுது. அதுக்கு நேர் கீழ பொட்டி. பொட்டிக்கு மேல எல்இடி பல்பு. கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம், ஆனா பல்பைத் தொட்டா சூடே இல்ல. ஏழும் மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு, கீச்சு கீச்சுன்னு வீட்டையே ரெண்டாக்குது. நீ என்ன சொன்ன? "தாத்தா, பாத்தீங்களா, எவ்வளவு பாசம்!" போட்டோ வேற. பாசமில்லடா மடையா, குளிரு. கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதும்பாங்க. குஞ்சு மிதிச்சுக் குஞ்சு சாகும். குளிருக்கு ஒண்டி அடியில மாட்டுனது மூச்சு முட்டிப் போயிரும்.

சொன்னதும் ரோஷம் வந்துருச்சு தொரைக்கு. மறுநாளே 250 வாட்ல செவப்பு விளக்கு, ஒரு சாண் ஒசரத்துல தொங்குது. ஏழும் நாலு மூலைக்கும் ஓடி, றெக்கைய விரிச்சு, வாயைப் பொளந்து இரைக்குதுங்க. "இப்ப ஃப்ரீயா இருக்குதுங்க தாத்தா"ங்கிற. மேல ஏசி சூட்டை வெளியில தள்ளுது, கீழ விளக்கு சூட்டை உள்ள கொண்டாருது. ரெண்டுக்கும் நடுவுல உன் கரண்டு பில்லுதான் நல்லா அடைகாத்துக் குஞ்சு பொரிக்குது.

கோழி எப்படி வளத்துச்சுன்னு கேளு. 1966ல உங்கப்பன் பொறந்தப்ப உங்க பாட்டி கேகே ஆஸ்பத்திரியில கெடக்கா. அந்த ஒரு வருசம் மட்டும் அங்க 39,835 பிள்ளை பொறந்துதாம், உலக சாதனை. எங்க திரும்புனாலும் வயிறும் அழுகையுந்தான். இங்க கம்பத்து வீட்டுல கருங்கோழி ஒன்பது முட்டையில உக்காந்திருக்கு. நான் ரெண்டு பிரசவத்துக்கும் நடுவுல சைக்கிள் மிதிச்சேன். பொரிச்ச பின்னாடி அந்தக் கோழி என்ன பண்ணுச்சு தெரியுமா? கொல்லை முழுக்கவா சூடு ஏத்துச்சு? தன் றெக்கைக்கு அடியில மட்டுந்தான். குஞ்சு வெளிய ஓடும், எறும்பைக் கொத்தும், சிலுசிலுன்னு காத்தடிச்சா ஓடியாந்து வயித்துக்கடியில பூந்துக்கும். அப்புறம் ஒரு தலை மட்டும் றெக்கை இடுக்குல எட்டிப் பாக்கும். பொட்டியிலயும் அதேதான். ஒரு கோடியில சூடு, மறு கோடி சும்மா. எங்க நிக்கணும்னு அதுகளே தீர்மானிக்கும்.

சரி, உனக்கு நம்பர் சொன்னாத்தான் நம்புவ. மொத வாரம் விளக்குக்கு அடியில 35 டிகிரி. அப்புறம் வாரத்துக்கு மூணு மூணாக் கொறைச்சுக்கிட்டு வா. தெர்மாமீட்டரைச் செவுத்துல மாட்டாத, குஞ்சு முதுகு ஒசரத்துல வை. செவுரா நடுங்கப் போவுது? இப்ப மூணாவது வாரம், 29. வெளிய எட்டிப் பாரு. சிங்கப்பூருல மத்தியானம் 31, 32. ஊரே குஞ்சு வளக்குற சூட்டுப் பொட்டியா இருக்கு, நீ எதுக்கு விளக்கு போடுற? ஏசிய அணை, பகல்ல விளக்கையும் அணை. ராத்திரி 25 வாக்குல எறங்கும், அப்ப மட்டும் சின்ன விளக்கு போதும். விடியக்காலம் சுமத்ரா காத்து மழையோட அடிக்கும் பாரு, அன்னிக்கு மட்டும் தூக்கத்தை விட்டுட்டு எந்திரிச்சுப் பாரு. மத்த நாள்ல தூக்கத்தைக் கெடுத்துக்க வேணாம்.

பாக்குறதுக்கும் மெஷின் வேணாம். கும்பலா விளக்கடியில ஒண்டுனா குளிரு. விளக்கை விட்டு ஓடி இரைச்சா வெக்கை. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்குனா எங்கேயோ காத்து வருது, உன் சீலிங் ஃபேனைப் பாரு. அங்கொண்ணு இங்கொண்ணா பரவிப் படுத்து, மெதுவாக் கீச்சிட்டுக்கிட்டு இருந்தா சரியா இருக்குன்னு அர்த்தம். அப்ப நீயும் போய்ப் படு.

பொட்டிக்குள்ள விரிச்சிருக்கிற பேப்பரையும் எடு. குஞ்சு வழுக்கி வழுக்கிக் கால் அகட்டிக்கிட்டு நொண்டியாப் போயிரும். ஊருல உமி போடுவோம். தேக்காவுல வாழையிலை கெடைக்கும், வெத்தலை கெடைக்கும், உமிக்கு எங்க போறது? மரச்சீவல் வாங்கிப் போடு.

நீ தரைவீட்டுக்காரன், பொழைச்ச. வீவக அடுக்குமாடி வீடா இருந்தா கோழியே வளக்கக் கூடாது. தரைவீட்டுல 10 வரைக்கும் கவர்மெண்டுக்காரன் விட்டு வச்சிருக்கான், காக்கா குருவி நுழையாத கூடு போட்டு. ஏழுதானேன்னு சிரிக்கிற. சிரிக்காத, ஊரு மாறிப்போச்சு. கண்டாங் கெர்பாவ்னா எருமைத் தொழுவம்னு அர்த்தம். உங்கப்பன் பொறந்த ஆஸ்பத்திரிக்குப் பேரே அதுதான், இன்னும் கேகேன்னுதான் கூப்புடுறான். அப்படியாப்பட்ட ஊருல 2017ல சின் மிங் பக்கம் சேவல் கூவுதுன்னு புகாரு போயி, தெருவுல திரிஞ்ச 24 கோழியைப் புடிச்சுக் கொன்னுட்டான். அப்புறம் ஊரே அழுதுச்சு, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு.

இப்ப அந்தப் பழுப்புக் குஞ்சைப் பாரு. இல்ல, அது இல்ல, தண்ணித் தட்டை மிதிச்சுக்கிட்டு நெஞ்சை நிமித்தி நிக்குதே, அது. மத்ததுக்கெல்லாம் கொண்டை மஞ்சளாத்தான் இருக்கு, இதுக்கு மட்டும் செவப்பு ஏறுது. காலும் தடி. எனக்குப் போன வாரமே தெரியும். பக்கத்து வீட்டு மேடம் காலையில ஒன்பது மணி வரைக்கும் தூங்குவாங்கன்னு நீதானே சொன்ன?