கிலோ என்ன விலை?

இறாலை என்ன விலைக்கு வாங்கினேன் என்பதை இந்தக் கட்டுரையில் எங்கேயும் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களுக்கும் வாய் சும்மா இருக்காது. "காசிமேட்டுக்குப் போயிருந்தா பாதி விலைக்கு வாங்கியிருக்கலாமே" என்று பத்திரிகையைப் பார்த்தே சொல்வீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கூடம் நிறைய ஆட்கள் அதைச் சொல்லிக் கேட்டாகிவிட்டது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது இறால் டோஸ்ட் பற்றி. விருந்தாளிகள் வந்தால் சட்டென்று செய்து வைக்கக்கூடிய ஸ்டார்ட்டர். ஹாங்காங் பக்கம் இதை எண்ணெயில் முக்கிப் பொரிப்பார்கள். ஓவனில் வைப்பது கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வந்த பிறகு நம்மைப் போன்றவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. பிரெட் மேல் இறால் விழுதைத் தடவி உள்ளே தள்ளினால் வேலை முடிந்தது. செய்முறையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் ஆத்திரத்தை இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

வந்திருந்தவர்கள் வீட்டுக்காரரின் மனிதர்கள். அவருடைய சித்தப்பா, அதாவது எனக்கு மாமா, கொழுந்தனார், கூடவே ஆபீஸ் நண்பர் ஒருவர், குடும்பங்கள். தட்டைக் கொண்டுபோய் டீப்பாய் மேல் வைத்தேன். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, மேலே பொன்னிறமாக, கொத்தமல்லி தூவி, என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. மாமா ஒன்றைக் கையில் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். வாயில் மட்டும் வைக்கவில்லை.

"எறா கிலோ என்ன விலைம்மா?"

சொன்னேன். இழவுச் சேதி கேட்ட மாதிரி கூடம் அமைதியானது.

"ஏன் அண்ணி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? காசிமேட்டுல நம்ம ஆள் இருக்கான்" என்றார் கொழுந்தனார்.

இந்த 'நம்ம ஆள்' பற்றித்தான் பேசவேண்டும். சென்னையில் கவுச்சி சாப்பிடுகிற ஆண்கள் எல்லாருக்கும் காசிமேட்டில் ஓர் ஆள் இருக்கிறார். அத்தனை ஆட்களும் உண்மையாகவே இருந்தால் துறைமுகத்தில் படகு கட்ட இடம் இருக்காது. இந்த ஆளை யாருடைய மனைவியும் பார்த்ததில்லை. பெயர் கேட்டால் தெரியாது. போனில் 'மீன் காசிமேடு' என்று இருப்பார். போட் கரைக்கு வந்ததும் முதல் போன் கொழுந்தனாருக்குத்தான் அடிப்பாராம். ஏற்றுமதிக்குப் போகவேண்டிய சரக்கை இவருக்காக ஒரு ஓரமாக எடுத்து வைப்பாராம். கம்பெனிக்காரன் டாலர் வைத்துக்கொண்டு வெளியே நிற்க, நம் கொழுந்தனார் ஒயர் கூடையோடு உள்ளே போவாராம். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை, தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அப்போதும் நம்ம ஆள் மட்டும் 'இப்பத்தான் வலையிலேர்ந்து எடுத்தது' என்று அனுப்பிக்கொண்டே இருப்பார். எங்கிருந்து எடுக்கிறாரோ.

ஆபீஸ் நண்பருக்கு ஆள் போதாது. அவர் நேராக ஏலத்துக்கே போகிறவர். விடியற்காலை எழுந்து, குளிக்காமல் வண்டியை எடுத்து, இருட்டோடு இருட்டாகப் போய் நின்றால்தான் மீன் கிடைக்குமாம். ஏழு மணிக்கு மேல் போனால் மிஞ்சுவது மீனே கிடையாதாம். ஏலத்தில் கூடை கூடையாகத்தான் விடுவார்கள். அதனால் நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு கூடை எடுத்துப் பங்கு போடுவது. பெட்ரோல், பார்க்கிங், ஐஸ், பங்கு போட்ட களைப்பில் குடித்த டீ, திரும்பும் வழியில் பசித்ததால் நாலு பேரும் சாப்பிட்ட பொங்கல் வடை, இதெல்லாம் கணக்கில் வராது. மீன் விலை மட்டும்தான் கணக்கு. அந்தக் கணக்கில் கிலோவுக்கு நூற்றிருபது ரூபாய் மிச்சம்! சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, நிலம் வாங்கிப் போட்டவர் கூட அப்படிச் சிரிக்கமாட்டார்.

மாமா தூத்துக்குடி. அவருக்குக் காசிமேடும் ஆகாது. "மெட்ராஸ்ல விக்கிறதெல்லாம் மீனா?" என்பார். நாற்பது வருஷமாக மெட்ராஸில் அதைத்தான் சாப்பிடுகிறார். சிந்தாதிரிப்பேட்டையில் ஐஸ் மீன், பட்டினப்பாக்கத்தில் விலை அதிகம், சூப்பர் மார்க்கெட் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது மீனின் போட்டோ. ஊரில் அவர் சின்ன வயதில் இறாலைக் காசு கொடுத்தே வாங்கியதில்லையாம். சும்மாவே கொடுப்பார்களாம். சும்மா கொடுத்ததோடு ஒப்பிட்டால் நான் வாங்கிய விலை அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இவ்வளவு நேரமும் டோஸ்ட் ஆறிக்கொண்டிருக்கிறது. அது ஆறக்கூடாது என்பதுதான் விஷயமே. இறால் வேகும்போது தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் கீழே இறங்கினால் பிரெட் ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும். அதனால் பிரெட்டைத் தனியாக ஒருமுறை ஓவனில் காட்டி, வெண்ணெய் தடவிக் காயவைத்து, பிறகுதான் விழுது வைக்கவேண்டும். அன்றைக்கு வாங்கிய புது பிரெட் ஆகாது, முந்தைய நாளினுடையது உத்தமம். விழுதில் முட்டை வெள்ளைக்கருவும் கொஞ்சம் கார்ன்ஃப்ளாரும் சேர்த்தால் பிடித்துக்கொண்டு நிற்கும். 200 டிகிரி. இறால் வேக அதிக நேரம் வேண்டாம். கொஞ்சம் அசந்தால் ரப்பர். அளவுகளை அப்புறம் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் மாமா இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

"கலர் போட்டியாம்மா?"

இல்லை மாமா. பச்சை இறால் சாம்பல் நிறமாக இருக்கும். அஸ்டாக்சாந்தின் என்று ஒரு சிவப்புச் சாயம் அதன் உடம்பிலேயே புரதத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. சூடு பட்டதும் புரதம் பிடியை விட, சிவப்பு வெளியே வருகிறது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆபீஸ் நண்பரிடம் திரும்பி, "இப்பல்லாம் எல்லாத்துலயும் கலர்தான் சார்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

கடைசியாக ஒருவழியாகக் கடித்தார்கள். கொழுந்தனார் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அவருக்கு டோஸ்ட் எப்படி இருக்கிறது என்று சொல்லும் நோக்கமில்லை, துப்பறிந்துகொண்டிருந்தார். "அண்ணி, இது கடல் எறா கிடையாது. வளர்ப்பு. வனாமி."

பூண்டு, மிளகு, மயோனைஸ், சீஸ் இத்தனைக்கும் அடியில், கொத்திப் போட்ட இறாலின் பூர்வீகத்தை நாக்கு கண்டுபிடித்துவிட்டதாம். அவர் சொன்னது சரி என்பதுதான் தாங்கமுடியவில்லை. வனாமிதான். மெக்ஸிகோவிலிருந்து பெரு வரைக்கும் பசிபிக் கரையில் பிறந்த ஜாதி. 2009-இல் இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்தது. ஆந்திரக் குளங்களிலும் நம் கடலோரப் பண்ணைகளிலும் பல்கிப் பெருகி, இன்று கடையில் இறால் என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது அதுதான். நாக்கு கண்டுபிடிக்கவே வேண்டாம், குருட்டாம்போக்கில் வனாமி என்று சொன்னாலே பத்துக்கு எட்டு பழுதில்லை. "எத்தனை கவுண்ட் வாங்கினீங்க?" என்று ஆபீஸ் நண்பர் வேறு கேட்டார். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும் என்ற கணக்கு அது. அரைத்துத் தடவுகிற இறாலுக்குக் கவுண்ட் எதற்கு? முப்பதாக இருந்தால் என்ன, அறுபதாக இருந்தால் என்ன? ஆனால் கேட்டாகவேண்டும். கேட்காவிட்டால் விவரம் தெரியாதவர் என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்கள்.

இத்தனை விவரம் தெரிந்த கூட்டத்தில், இறாலை உரிப்பது எப்படி என்று ஒருவருக்கும் தெரியாது. தலையும் ஓடும் போனால் ஒரு கிலோ ஏறக்குறைய அரைக் கிலோ ஆகும் என்பதும் தெரியாது. நான் சுத்தம் செய்து வைத்ததை வாங்கினேன், ஆபீஸ் நண்பர் முழு இறால் விலையோடு ஒப்பிடுகிறார். நூற்றிருபது ரூபாய் மிச்சம் தலையோடும் ஓடோடும் குப்பைக்குப் போய்விடுகிறது.

அடுத்த தட்டு எடுக்கச் சமையலறைக்கு வந்தேன். பின்னாலேயே என் ஓரகத்தி வந்தாள். கூடத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். கையை விரித்துக் காட்டினாள். வலது ஆள்காட்டி விரலில், நகத்துக்குப் பக்கத்தில், இறாலின் நெற்றி முள் குத்தி வீங்கிக் கறுத்திருந்தது. போன வாரம் 'நம்ம ஆள்' மூன்று கிலோ கொடுத்தனுப்பியிருக்கிறார். விலை சல்லிசு. கொழுந்தனார் பையை சிங்கில் வைத்துவிட்டு, விடியற்காலையில் எழுந்த அலுப்புக்கு ஏசியைப் போட்டுப் படுத்துவிட்டார். இவள் ஒவ்வொன்றாகத் தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, முதுகில் இரண்டாவது கணுவில் பல்குச்சியைக் கொடுத்து அந்தக் கறுப்பு நூல் அறுந்துவிடாமல் மெல்ல இழுத்து இழுத்து, மத்தியானம் ஆகிவிட்டதாம். எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் கையில் வாடை போகவில்லை. சாப்பிடும்போது அவர், "இன்னும் கொஞ்சம் காரம் போட்டிருக்கலாம்" என்றாராம்.

அவளும் கேட்டாள், குரலைத் தாழ்த்தி. அன்றைக்கு அந்த வீட்டில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது.

"அக்கா, உரிச்சுக் கழுவித் தர்றாங்களே, அது எந்தக் கடை?"

சொன்னேன். விலையையும் சொன்னேன். "பரவாயில்லையே" என்றாள்.

மிச்சமிருந்த டோஸ்டை நாங்கள் இரண்டு பேரும் சமையல் மேடையில் சாய்ந்துகொண்டே சூடாகத் தின்றோம். கூடத்துக்கு மிக்சர் போயிற்று. அது என்ன விலை என்று யாரும் கேட்கவில்லை.

அளவுகளைச் சொல்கிறேன் என்றேன், இடம் முடிந்துவிட்டது. நினைவில் வைக்க ஒன்றே ஒன்று: விருந்தாளி கேட்டிலிருந்து கூப்பிட்டபின் ஓவனைப் போடுங்கள். "பக்கத்துல வந்துட்டோம்" என்று போனில் சொன்னால் நம்பவேண்டாம், அண்ணாநகரிலிருந்து சொல்வார்கள். அடுத்த முறை எங்கள் வீட்டு விருந்து புரட்டாசியில். அந்த மாதம் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. அதே பிரெட், அதே பூண்டு, அதே ஓவன், மேலே பனீர். பனீரைக் காசிமேட்டில் ஏலம் விடுவதில்லை.