நெறிமுறைக்கு ஒரு கமிட்டி

உளவியலாளருக்கு வேலையிடம் கிளினிக், பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று பல. அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவின் விசாரணைக்கும் போய் ஆலோசனை சொல்லலாம், நெறிமுறைக்கு ஒன்றும் பங்கமில்லை என்று 2005-இல் அமெரிக்க உளவியல் சங்கம் போட்ட குழு சொல்லிவிட்டது. குழுவில் பெரும்பாலோர் ராணுவம், உளவுத்துறைச் சகவாசம் உள்ளவர்கள். மாமியார் மருமகள் சண்டைக்கு மாமியாரே நாட்டாமை!

கைதியைப் பலகையில் கட்டி, முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றும் வித்தையை சிஐஏவுக்குச் சிபாரிசு செய்தவர்கள் மிட்செல், ஜெசன் என்ற இரு உளவியலாளர்கள். இருவருக்கும் அதற்குமுன் விசாரணை அனுபவமே கிடையாது. அவர்கள் கம்பெனிக்குக் கிடைத்தது 8.1 கோடி டாலர். (நம்மூர் கவுன்சலர்கள் பெருமூச்சு விட வேண்டாம்.)

2015-இல் சங்கத்தின் ராணுவச் சகவாசக் குட்டு உடைந்ததும், தேசப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர்கள் பங்கேற்கச் சங்கம் தடை போட்டது. ஆதரவு 157, எதிர்ப்பு ஒன்றே ஒன்று. எதிர்த்தவர் குவாண்டனாமோவில் பணிபுரிந்த ஓய்வுபெற்ற கர்னல்.