பொள்ளாச்சியில் ஒரு கனடா

ஆடியில் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் இல்லை, மார்கழியில் பேச்சே கிடையாது. அதனால் ஐப்பசி பிறந்ததும் கொங்கு நாட்டு மண்டபங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. போட்டோகிராபர்களுக்கும் அப்படித்தான். முகூர்த்தத்துக்கு முன்பே பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏதாவது தோப்புக்கோ அணைக்கோ கூட்டிப்போய் ‘அவுட்டோர்’ எடுத்தாக வேண்டும். பெண்ணுக்குத் துணையாக ஒரு பெரியவர் போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். தாய்மாமன் என்றால் சீர் செய்கிற உரிமை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். முகத்தில் வெளிச்சம் அடிக்க வெள்ளித் தட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கடமையும் உண்டாம்.

“இந்தத் தடவை கனடா தீமுங்ணா. தரையெல்லாம் ஆரஞ்சு இலை. மேலேருந்தும் கொட்டோணும். நடுவால ரெண்டு பேரும் நடந்து வரோணும்” என்றார் போட்டோகிராபர்.

ஐப்பசியில் ஆரஞ்சு இலைக்கு எங்கே போவது? வடகிழக்குப் பருவமழை இறங்கி வேலி முள்கூடப் பச்சைப்பசேல் என்று நிற்கிற மாதம். குளிர்நாடுகளில் பகல் சுருங்கச் சுருங்க மரம் தன் பச்சையத்தைக் கலைத்துவிடும். அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் அப்போதுதான் வெளியே தெரியும். சில மரங்கள் கூடுதலாகச் சிவப்பையும் தயாரித்துக்கொள்ளும். கோவையோ பூமத்திய ரேகைக்கு 11 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். அதற்கெல்லாம் நம்மூர் மரம் பதறாது. தண்ணீர் வற்றினால்தான் பதறும். மழை ஓய்ந்து மண் காய்ந்தபின், தையிலும் மாசியிலும் தேக்கு கொட்டும், அதையொட்டி வேம்பு கொட்டும். டாப்ஸ்லிப் தேக்கங்காட்டில் மாசி மாதம் சருகை மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும்.

இவ்வளவையும் பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ கல்யாணத்தை மாசிக்குத் தள்ளலாமுங்களா?” என்றார். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருந்த என் மச்சான் நல்லவேளையாக அங்கே இல்லை.

ஆனைமலை அடிவாரத் தென்னந்தோப்பில் வேனை நிறுத்தியதும் ஒரு கோணிப்பை இறங்கியது. உள்ளே முழுக்கப் பிளாஸ்டிக் மேப்பிள் இலை. தென்னை மரத்தடியில் மேப்பிள் இலையைப் பரப்பினால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தாதான் அருகில் வந்து, “ஏனுங் கண்ணு, இதென்ன தழை? ஆடு திங்குமா?” என்று கேட்டார். சினிமா போஸ்டரைச் சுவரோடு சேர்த்து நக்கித் தின்கிற வெள்ளாடு ஒன்று முன்வந்து, ஓர் இலையை வாயில் வாங்கி, மென்று பார்த்துத் துப்பியது. கனடாவைப் பற்றி அன்றைக்கு வந்த நேர்மையான விமர்சனம் அது ஒன்றுதான்.

மூன்று மணி வாக்கில் வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கியது. எல்லோரும் சாளைக்குள் ஒண்டினோம். மழை விட்டு வெளியே வந்தால் எதிரே ஆனைமலை துடைத்து வைத்தாற்போல் நிற்கிறது. மழைநீர் தூசியை இறக்கிவிட்டதால் மடிப்பு மடிப்பாக அத்தனை முகடும் தெரிகிறது. இடுப்பளவில் மேகம். மேற்கே மேகத்துக்கு அடியிலிருந்து சாய்ந்து வந்த வெயிலில் ஒவ்வொரு தென்னங்கீற்றும் மின்னுகிறது. போட்டோகிராபர் குனிந்து பிளாஸ்டிக் இலைகளை ஒவ்வொன்றாகத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்ட நிறமும் அங்கேயே இருந்தது, வேலியில். காந்தள் கொடியேறிப் பூத்திருந்தது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, பற்றி எரிகிற மாதிரி. எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு என்போம். தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் விதைக்காகவே இதைப் பயிர் செய்கிறார்கள். கீல்வாதத்துக்குக் கொடுக்கிற கொல்ச்சிசின் மருந்து இதிலிருந்து வருகிறது. கிழங்கு முதல் விதை வரை அத்தனையும் நஞ்சு. ஒருவழியாக அதைக் கவனித்த போட்டோகிராபர், ஒரு பூவைப் பறித்து, “இதைப் பல்லுல கடிச்சுட்டு மாப்பிள்ளையைத் திரும்பிப் பாரு அம்மிணி” என்றார். தோப்புக்காரர் போட்ட சத்தத்தில் ஆடுகள் கலைந்து ஓடின. மாநில மலராலேயே ஒரு மணப்பெண்ணுக்கு ஆபத்து வந்திருந்தால் அரசாங்கம் என்ன பதில் சொல்லும்?

கடைசியில் கம்ப்யூட்டர் கைகொடுத்தது. ஆல்பம் வந்தபோது தோப்பு முழுக்க ஆரஞ்சு. கீற்று, புல், தூரத்து மலை எதுவும் தப்பவில்லை. எங்கள் மாப்பிள்ளைகூட லேசாகப் பழுத்திருந்தார். வந்திருந்த ஒறம்பரையெல்லாம் “அருமைங்க, அருமைங்க” என்று பக்கம் புரட்டினார்கள். தென்னை விவசாயியான மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே பக்கத்தில் நின்றுவிட்டார்.

“இது யாரு தோப்புங்க?”

சொன்னேன்.

“பாவமுங்க. வேர்வாடல் இத்தனை முத்திக் கெடக்குது, இன்னும் வெட்டாம வெச்சிருக்காரே. பூச்சி வழியாப் பக்கத்துத் தோப்புக்கெல்லாம் பரவுமே!”

பொள்ளாச்சிப் பக்கம் கேரள வேர்வாடல் நோயில் மரங்களைப் பறிகொடுத்தவர்களுக்கு மஞ்சளடித்த கீற்று அழகுப் படமல்ல. அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் காபி ஆறிவிட்டது. வேளாண்மை அலுவலகத்துக்குப் போன் போடுவதை மட்டும் எப்படியோ தடுத்துவிட்டோம்.

ஆகையால், ஐப்பசி கார்த்திகையில் கல்யாணம் வைத்திருக்கும் உறவுகளே, படமெடுப்பதைக் காலையிலேயே தொடங்குங்கள். மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வரும். வந்து ஓய்ந்ததும் ஓர் அரைமணி நேரம் கேமராவை உறையில் போடாதீர்கள். சிவந்த இலைதான் வேண்டுமென்றால் வாதாங்கொட்டை மரம் பழுக்கும்வரை காத்திருங்கள். வேலியில் காந்தளைப் பார்த்தால் தாராளமாகப் படமெடுங்கள். தொட்டுவிட்டால் மட்டும் சாப்பிடுமுன் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.