பக்கத்து ஷாட் தோஷம்: ஓர் ஆய்வு

தனியாகப் பார்க்கும்வரை எந்த ஷாட்டிலும் குறையில்லை. இன்னொன்றைப் பக்கத்தில் வைத்ததுமே தோஷம் பிறக்கிறது. இக்கட்டுரை நிறுவ முனையும் துணிபு இதுவே. படத்தின் நிறத்தைத் திருத்தும் டாவின்சி ரிசால்வ் போன்ற கலர் கிரேடிங் மென்பொருள்களில் ஸ்ப்ளிட் ஸ்கிரீன் என்றொரு வசதி உண்டு. தேர்ந்தெடுத்த ஷாட்டுகளைக் கட்டம் கட்டமாக ஒரே திரையில் அடுக்கிக் காட்டும். 2 ஷாட் என்றால் ஒரு ஜோடி, ஒரு வழக்கு. 4 என்றால் 6 வழக்கு. 9 என்றால் 36, 16 என்றால் 120. 4 ஷாட் 16 ஆகி 4 மடங்கானால் சச்சரவு 20 மடங்காகிறது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நிரூபிக்கத் தேவையில்லை.

இந்தத் தோஷத்தை முறையாக ஆராய்ந்தவர் சினிமாக்காரர் அல்லர். பாரிஸின் கோபெலான் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலாளர் மிஷேல் எழேன் ஷெவ்ரல். கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்தார், சாயத்தில் குற்றமில்லை. அருகில் நெய்த நிறங்கள்தான் கறுப்பைக் கண்ணுக்கு வெளிற வைத்திருந்தன. 1839-இல் இதைத் தடித்த நூலாகவே எழுதிவிட்டார். (102 வயதுவரை வாழ்ந்தார், கலரிஸ்ட் வேலை பார்த்திருந்தால் சந்தேகம்தான்.) படத்துக்கு நிறம் திருத்தும் டிஐ அறையிலும் இதே கதை. பச்சை வயல் ஷாட்டை ஒட்டி வைத்த முகம் சிவந்து தெரியும். அரக்குப் பட்டுப்புடவை ஷாட்டை ஒட்டினால் அதே முகத்தில் பாசி படரும். உடனே முகத்தைத் திருத்தப் போகிறார்கள். காய்ச்சல் பக்கத்து வீட்டுக்காரருக்கு, கஷாயம் இவருக்கு.

ஒப்பிடாவிட்டால் ஷாட் மாறும்போது நிறம் துள்ளுமே என்பர். துள்ளும், மறுப்பதற்கில்லை, நிறத்தை நினைவில் வைப்பதில் கண் மகா மறதிக்காரன். ஆனால் எந்தத் தியேட்டரிலும் 9 கட்டங்களை ஒன்றாகக் காட்டுவதில்லை. ரசிகர் ஒன்றன்பின் ஒன்றாகவே பார்க்கிறார். ஆகவே முந்தைய ஷாட்டின் ஸ்டில்லை கேலரியில் சேமித்து, திரையைப் பிரித்துக் காட்டும் வைப் போட்டு அடுத்ததோடு ஒட்டிப் பார்த்தால் போதும் என்பது ஒரு கட்சி. கண்ணை நம்பாதே, நிறத்தை அளந்து காட்டும் வெக்டர்ஸ்கோப்பைப் பார் என்பது இன்னொரு கட்சி. அதில் தோல் நிறத்துக்கென்றே ஒரு கோடு உண்டு. மாநிறமோ வெளுப்போ, மனிதத் தோல் பெரும்பாலும் அதையொட்டியே விழும். செங்கல் சுவரும் தேக்குக் கதவும்கூட அங்கேயே வந்து விழும் என்பதுதான் சங்கடம். கதாநாயகனுக்கும் கதவுக்கும் வித்தியாசம் அந்தக் கருவிக்குத் தெரியாது. சில படங்களில் நமக்கும் தெரிவதில்லை.

எஞ்சும் வழி ஒன்றுதான். காட்சியில் ஒரு ஷாட்டை மட்டும் நாட்டாமையாக்கி, மற்றவற்றை அதோடு மட்டும் ஒப்பிடுவது. 16 ஷாட்டுக்கு 15 வழக்கே மிஞ்சும், 105 தள்ளுபடி. நாட்டாமை எந்த ஷாட் என்று இயக்குநருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் நடக்கும் வழக்கு இந்தக் கணக்கில் சேராது.