தோலுக்கு ரசீது இல்லை

பெறுநர்:
மாண்புமிகு தலைவர் அவர்கள்,
மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம்,
புத்ராஜெயா.

பொருள்: மனிதத் தோலைச் சரக்குப் பட்டியலில் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்.

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே,

விண்ணப்பம் வைப்பவன் முதலில் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்பது நம் ஊர் முறை. உங்கள் விஷயத்தில் அதற்காகப் பொய் சொல்ல வேண்டிய நிலை எனக்கு வரவில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்த மன்றம் உங்களுடையது. 5 வெள்ளி கட்டி முதலாம் பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் வழக்கு தயார். லோயர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து முடிந்தவரை 60 நாளுக்குள் தீர்ப்பு. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத வியாபாரிக்கு அபராதமோ சிறையோ. வாங்கின வாரமே புகை விட்ட பிளெண்டருக்காகவும், முதல் சலவையிலேயே சாயம் போன சேலைக்காகவும் ஓர் அரசாங்கம் இவ்வளவு அக்கறை காட்டுவது சாதாரணமா?

என் சிக்கல் வேறு. அதை விளக்க ஓர் அக்காவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் வேண்டாம். கடையும் கற்பனைதான், ஆனால் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ நடந்தவர்கள் அந்தக் கடைக்கு வழி சொல்லிவிடுவார்கள். ஐந்தடிப் பாதையை அடைத்துக்கொண்டு முறுக்கு உரல்கள், எவர்சில்வர் தூக்குகள். உள்ளே தலையில் இடிக்கிற மாதிரி பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும் நைலான் சாமந்தி மாலையும் கொத்துக் கொத்தாக. பின்வாசலை மறைத்து இட்லிக் குக்கர் அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும். தீயணைக்கும் கருவி இல்லாமல் இல்லை. முன்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதபடி அதுதான் முட்டுக்கொடுத்து நிற்கிறது.

அக்கா இரட்டை அடுப்பு ஒன்று வாங்குகிறார், 189 வெள்ளி. "ஒரு தடவ பத்த வச்சிக் காட்டு தம்பி" என்கிறார். பல்பு முதல் காற்றாடி வரை போட்டுக் காட்டிப் பொட்டலம் கட்டுவது இங்கே நெடுநாள் வழக்கம், நல்ல வழக்கம். கடைப்பையன் கல்லா ஓரத்தில் இருக்கும் கேஸ் சிலிண்டரின் குழாயை அடுப்பில் செருகுகிறார். கிளிப் போடவில்லை. ஒரு நிமிடம் காட்டத்தானே. கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு படரும். கல்லாவில் சாம்பிராணி புகைந்துகொண்டிருக்கும்போது அதன் நாற்றம் யார் மூக்குக்கும் எட்டாது. இரண்டு முறை பற்றாத அடுப்பு மூன்றாவது சொடுக்கில் மொத்தமாகப் பற்றியது. குமிழில் கோளாறா, குழாயில் கோளாறா என்பது பிறகு லோயர்கள் சண்டை போட வேண்டிய விஷயம். அந்த நேரத்தில் நடந்தது இவ்வளவுதான்: தீ தோரணத்தைத் தொட்டது. பிளாஸ்டிக் உருகும், எரிந்துகொண்டே சொட்டும், சொட்டியது தோலில் ஒட்டிக்கொண்டு தீ அணைந்த பிறகும் உள்ளே சுட்டுக்கொண்டிருக்கும். ஒருவர் பற்பசையோடு ஓடி வந்தார். இன்னொருவர் பக்கத்து ஒட்டுக்கடையிலிருந்து கிச்சாப் போத்தலை எடுத்து வந்தார். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டச் சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு அக்கா உங்கள் வாசலுக்கு வருகிறார் என்று வையுங்கள். அடுப்பின் விலை 189 வெள்ளியா? உட்காருங்கள், பாரம் இதோ. வலது கையா? மன்னிக்க வேண்டும், 99-ஆம் பிரிவு இருக்கிறது. உடற்காயத்திலிருந்தோ மரணத்திலிருந்தோ எழும் கோரிக்கை எதையும் நீங்கள் தொடக்கூடாது. நிலத் தகராறு, உயில் தகராறு, தொழில் ரகசியம் ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் அக்காவின் முழங்கையையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இதே சட்டத்தின் 10-ஆம் பகுதியைப் படித்தால் கண் கலங்கும். குறையுள்ள பொருளால் ஒருவருக்குக் காயம் பட்டால், தயாரித்தவர் அசட்டையாக இருந்தார் என்று நிரூபிக்கக்கூட வேண்டாம். பொருளில் குறை இருந்தது, அந்தக் குறையால் காயம் வந்தது என்று காட்டினால் போதும். தயாரிப்பாளர் மட்டுமில்லை, இறக்குமதி செய்தவரும் தன் பெயரை ஒட்டி விற்றவரும் சிக்குவார்கள். சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று கடைக்காரரால் நியாயமான காலத்துக்குள் சொல்ல முடியாவிட்டால் அவர் தலையிலும் விழும். 68-ஆம் பிரிவில் கையைப் பிடித்து அழைத்து வந்த சட்டம், 99-ஆம் பிரிவுக்கு வந்ததும் அந்தக் கை காயப்பட்ட கை என்று கண்டுபிடித்து விட்டுவிடுகிறது. இரண்டு பகுதிகளையும் எழுதியவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்தார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

ஆகவே என் விண்ணப்பம். சட்டத்தைத் திருத்துவது கடினம், நாடாளுமன்றம் வரை போக வேண்டும். தோலைச் சரக்காக அறிவிப்பது எளிது. நடைமுறைச் சிரமங்கள் சில உண்டு, ஒப்புக்கொள்கிறேன். வாங்கிய தேதி என்ற கட்டத்தில் பிறந்த தேதியைப் போடலாம். உத்தரவாத அட்டை கிடையாது. மாற்றுப் பொருள் தருவதென்றால் தொடையிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும், அதாவது மாற்றுப் பொருளையும் பயனீட்டாளரே கொண்டுவர வேண்டியிருக்கும். ரசீதுதான் பெரிய பிரச்சினை. அம்மாவிடம் கேட்டால் கொடுத்த கணக்கை எல்லாம் எடுத்துச் சொல்வார், எழுத்தில் எதுவும் இராது.

"நீதிமன்றம் இருக்கிறதே, அங்கே போகட்டுமே" என்பீர்கள். போகட்டும். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 100,000 வெள்ளி வரை, செஷன்ஸ் நீதிமன்றம் 10 லட்சம் வெள்ளி வரை. ஆனால் காயம் மோட்டார் வாகன விபத்தில் பட்டிருந்தால் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அந்த உச்சவரம்பே இல்லை. அதோடு சாலையில் ஓடும் கப்சாய் மோட்டாருக்குக்கூட மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். நூறு பேர் முண்டியடிக்கும் கடைக்கு அப்படியொரு பொதுவான கட்டாயம் கிடையாது. வழக்கில் வென்ற பிறகு வசூலிக்கப் போனால் கம்பெனியின் பெயர்ப் பலகை மட்டும் மிஞ்சியிருக்கலாம். எரிய வேண்டும் என்று விதித்திருந்தால், வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு வேனுக்கு உள்ளே எரிவது புத்திசாலித்தனம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

கடைக்காரர் வாடிக்கையாளரை எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு நம்மிடம் தனிச்சட்டம் இல்லை. 1956-ஆம் ஆண்டின் குடிமைச் சட்டம் தீபகற்பத்துக்கு ஒரு தேதி குறித்தது: 1956 ஏப்ரல் 7 அன்று இங்கிலாந்தில் இருந்த பொதுச்சட்டம் நமக்கு. கடைக்குள் வருபவர்களைத் தரம் பிரித்து ஒவ்வொரு தரத்துக்கும் ஒவ்வோர் அளவு அக்கறை என்ற பழைய முறையை இங்கிலாந்து அடுத்த ஆண்டே, 1957-இல், தூக்கிப் போட்டுவிட்டது. அதற்குள் நம் கப்பல் கிளம்பிவிட்டது. அதனால் பிரிக்பீல்ட்ஸ் அக்காவின் வழக்கு இன்றும் 1866-ஆம் ஆண்டின் இன்டெர்மார் எதிர் டேம்ஸ் வழக்கில் போய் நிற்கிறது. இங்கிலாந்தில் ஒரு சர்க்கரை ஆலைக்குள் வேலையாகப் போன கேஸ் தொழிலாளி, வேலியில்லாத திறப்பு வழியே விழுந்தார். வியாபார வேலையாக வந்தவர் என்பதால் அவருக்குக் கூடுதல் அக்கறை காட்டியிருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. அக்கா அடுப்பு வாங்க வந்தவர், தப்பித்தார். அதே நேரத்தில் நாலு மணி மழைக்கு ஒதுங்கி அதே தோரணத்தின் கீழ் நின்றவரோ வெறும் அனுமதி பெற்றவர். தெரிந்த, மறைந்திருக்கும் ஆபத்தைச் சொல்லி எச்சரித்தால் அவருக்குக் கடமை முடிந்தது. ஒதுங்குகிறவர்கள் ஆளுக்கொரு கரண்டியாவது வாங்கிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைப்பையன் கதை இதைவிடச் சுருக்கம். அவர் கையும்தான் வெந்தது. அவர் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டிய தொழிலாளி. அதற்கான 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி வேலையில் பட்ட காயத்துக்காக முதலாளி மேல் வழக்குப் போட முடியாது. விடுப்பில் இருக்கும் நாள்களுக்குச் சராசரி நாள்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ உண்டு, நன்றி. கிளிப் போட நேரம் தராத முதலாளி மட்டும் பாதுகாப்பாக இருக்கிறார்.

நகராட்சி மேல் போடலாமா? பொது அதிகாரிகள் மேலான வழக்குக்கு 36 மாதம்தான் கெடு. மற்றவர்கள் மேல் என்றால் 6 ஆண்டு. கெடுவுக்குள் போனாலும், சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு கவசம் போல முன்னால் நிற்கிறது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம் விழுந்து 48 பேர் செத்தார்களே, அதில் அம்பாங் ஜெயா நகராட்சி பொறுப்பில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2006-இல் சொன்னது. அங்கே ஒரு கட்டடமே போனது. இங்கே ஒரு தோரணம்.

தீயைப் பற்றி நமக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. கோலாலம்பூர் கேம்பல் ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் 1976 ஏப்ரல் 8-இல் தீப்பிடித்து ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. அதன் பிறகு 1984-இல் கட்டடங்களுக்கான சீரான உபசட்டங்கள் வந்தன, 1988-இல் தீயணைப்புச் சேவைச் சட்டம் வந்தது. 173-ஆம் உபசட்டம், வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல், தனி விவரம் எதுவும் தெரியாமல், மெனக்கெடாமல் திறக்க வேண்டும் என்கிறது. கதவு அப்படித்தான் திறக்கும். அதற்கு முன்னால் இருக்கும் 40 இட்லிக் குக்கர்களை நகர்த்தத்தான் மெனக்கெட வேண்டும். 2011 செப்டம்பர் 28-இல் சுபாங் ஜெயா எம்பயர் ஷாப்பிங் கேலரியில் கேஸ் வெடித்தது அதிகாலையில். கடை திறக்கும் முன்பே வந்துபோன அந்த வெடிப்பின் நாகரிகத்தை எல்லா வெடிப்புகளிடமும் எதிர்பார்க்க முடியாது.

இனி கணக்கு. கைப்பணம் செலவானதற்குத் துண்டுத் துண்டாக ரசீது காட்ட வேண்டும். அரசாங்க மருத்துவமனையின் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணர் பார்த்தால் 5 வெள்ளி. நம் மருத்துவமனைகள் கருணையால் மலிவு. அந்தக் கருணை வழக்கில் அக்காவின் செலவை அற்பமாக்கிக் காட்டுகிறது. மருத்துவமனைக்குப் போய் வந்த கிராப் காரின் ரசீதை யாரும் எடுத்து வைக்கவில்லை. ஆறு வாரம் சோறு ஊட்டி, தலை வாரி விட்ட தங்கைக்கு ரசீது யார் எழுதுவது? வலிக்கும் தழும்புக்கும் எவ்வளவு என்று பார்க்க லோயர்களிடம் காய இழப்பீட்டுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. எலும்பு, பல், தழும்பு என்று தலைப்பிட்டு, இன்னதற்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று போட்டிருக்கும். சந்தையில் மீன் விலை எழுதும் பலகைகூட இவ்வளவு விவரமாக இராது.

காலம் என்ற செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெல்லி உபகார் திரையரங்கில் 1997 ஜூன் 13-இல் 59 பேர் இறந்தார்கள். குடும்பங்களுக்கு எவ்வளவு என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது 2011-இல். உயர் நீதிமன்றம் கொடுத்ததைக் குறைத்து முடிவு செய்தது. நம் அக்காவுக்கு நீங்கள் இருக்கிறீர்கள், 60 நாளில் 189 வெள்ளி உறுதி.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. உங்களிடம் பதிவான பிரச்சினையை அதே ஆள்களுக்கிடையே வேறு நீதிமன்றத்தில் கிளறக்கூடாது என்று உங்கள் சட்டமே சொல்கிறது. அடுப்பு குறையுள்ளதா என்பதுதான் உங்கள் முன்னால் கேள்வி. நாளைக்குக் கையின் வழக்கிலும் அதே கேள்விதான். 189 வெள்ளியை வாங்கிவிட்டு வந்த அக்காவை எதிர்த்தரப்பு லோயர் இந்த இடத்தில் பிடிக்காமல் விடமாட்டார். பணத்தைத் திருப்பித் தரச் சொன்னால் கடைக்காரர் அடுப்பைத் திருப்பிக் கேட்பார். அடுப்பு போனால் சாட்சி போனது.

விளையாட்டை விட்டுக் கேட்கிறேன். 50,000 வெள்ளிக்கு உட்பட்ட காயங்களையாவது, அரசாங்க மருத்துவரின் அறிக்கை இருந்தால், 99-ஆம் பிரிவின் தடையிலிருந்து விலக்கச் சொல்லி உங்கள் அமைச்சுக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள். முழு உடம்பும் வெந்தவர் செஷன்ஸ் நீதிமன்றம் போகட்டும். ஒரு கை வெந்தவருக்கு அந்த அளவுக்கு வக்கில்லை, அவ்வளவு சின்ன வழக்கை நடத்த லோயருக்கும் மனமில்லை.

பதில் வரும் வரைக்கும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அடுப்பு வாங்கும் அக்காமார்களுக்கு: தீப்பட்டால் முதலில் தண்ணீர், பிறகு மருத்துவமனை, அன்றைக்கே போலீஸ் ரிப்போர்ட், தீயணைப்புத் துறையான பொம்பாவின் அறிக்கைக்கு எழுத்தில் விண்ணப்பம். எரிந்த சேலையைத் துவைக்காமல் பையில் போட்டு வையுங்கள். முதலாளி எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் லோயரைப் பார்க்காமல் அடுப்பைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் அதிகார எல்லைக்கு வெளியே வசிக்கும்
ஒரு பயனீட்டாளர்